உதைத்தால் கிளம்புகிறது, ஓடாமல் நின்றுவிடுகிறது: பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கில் எங்கே கோளாறு?

கிக்கரை உதைத்ததும் வண்டி கிளம்பிவிடுகிறது. வாசலில் நன்றாகத்தான் உறுமுகிறது. தெருமுனையைத் தாண்டுவதற்குள் இழுத்து இழுத்து அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களில் இந்தத் தொல்லையைப் பார்க்காதவர்கள் குறைவு.

இங்கே யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். 1985 முதல் 1996 வரை தயாரான இந்த 98 சிசி வண்டி இன்னும் நம் ஊர்களில் நிறையவே ஓடுகிறது. இரும்பு தாக்குப்பிடித்துவிட்டது, ஆனால் அதிலுள்ள ரப்பருக்கும் சீலுக்கும் வயதாகிவிட்டது. உங்களிடம் இருப்பது ஆர்எக்ஸ் 135, சாமுராய், டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் என்று வேறு எதுவானாலும் சோதிக்கும் வழி பெரும்பாலும் இதுதான்.

ஸ்டார்ட் ஆகிறதே, அப்படியானால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? பாதி அர்த்தம். எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், அதை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம் (கம்ப்ரஷன்), நேரத்துக்கு அடிக்கும் தீப்பொறி. கிளம்புகிறது என்றால் மூன்றும் ஓரளவுக்கு இருக்கின்றன. ஓடத் தொடங்கியபின் அதில் ஏதோ ஒன்று கைவிடுகிறது. எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். உடனே கடைக்குப் போய் பிளக், காயில், சிடிஐ என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்க்காதீர்கள். வண்டி எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். எத்தனை நிமிடத்தில் நின்றது, இழுத்து இழுத்து நின்றதா, சட்டென்று நின்றதா, சூடானபின் மட்டும் நிற்கிறதா, ஆக்சிலேட்டரை விட்டால் நிற்கிறதா, முறுக்கினால் நிற்கிறதா? நிற்கும் விதமே கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மெக்கானிக்கிடம் போனாலும் ‘வண்டி நிக்குதுண்ணே’ என்று மட்டும் சொல்வதைவிட இதைச் சொன்னால் உங்களுக்குச் செலவு குறையும்.

வண்டி நின்றதும் முதலில் எதைப் பார்ப்பது? பிளக்கைத்தான். சும்மா கிடக்கும் வண்டியின் பிளக்கை அல்ல. இப்போதுதான் அணைந்த வண்டியின் பிளக்கை, மறுபடி உதைக்காமல், அப்படியே கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் தள்ளுங்கள். இல்லையென்றால் அது உள்ளே விழும். ஹெட் அலுமினியம் என்பதால், சூட்டோடு முரட்டுத்தனமாகத் திருகினால் மரை போய்விடும். பிளக் ஸ்பேனரை நேராக வைத்து மெதுவாகத் திருப்புங்கள். கையுறையோ தடித்த துணியோ இருக்கட்டும்.

பிளக்கின் முனை ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, ஆனால் எரியவில்லை. தீப்பொறியைச் சந்தேகியுங்கள். அல்லது கார்புரேட்டர் நிரம்பி வழிந்து எஞ்சினை நனைத்திருக்கலாம். முனை காய்ந்துபோய், வெளுத்து இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது வேண்டாத இடத்திலிருந்து காற்று உள்ளே வருகிறது. காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. வேறு இடத்தில் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே நீங்கள் போக வேண்டிய பாதை இரண்டாகப் பிரிந்துவிடும்.

பிளக் காய்ந்திருக்கிறது, என்ன செய்வது? பெட்ரோல் வரும் வழியை டேங்கின் மூடியிலிருந்தே தொடங்குங்கள். மூடியில் ஒரு சின்னக் காற்றுத்துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர அதுதான் வழி. ஒரே ஒரு ஓட்டை போட்ட எண்ணெய் டின்னைக் கவிழ்த்தால் எண்ணெய் எப்படித் திக்கித் திக்கி வந்து நின்றுவிடுமோ, அந்தத் துளை அடைத்தால் டேங்கிலும் அதேதான் நடக்கும். தூசியும் வண்டி கழுவும் சோப்பும் சேர்ந்து துளையை அடைத்துவிடும்.

இதை எப்படி உறுதிசெய்வது? வண்டி நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். திறக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி கிளம்பிச் சரியாக ஓடினால் குற்றவாளி மூடிதான். துளையைச் சுத்தம் செய்தால் போதும், செலவே இல்லை. இதைப் பார்க்காமல் கார்புரேட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

மூடி சரி என்றால் அடுத்தது பெட்ரோல் காக். எஞ்சின் ஆறியபின், வெட்டவெளியில், பக்கத்தில் பீடியோ சிகரெட்டோ அடுப்போ இல்லாத இடத்தில் இதைச் செய்யுங்கள். கார்புரேட்டரில் மாட்டியிருக்கும் பெட்ரோல் டியூபைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு, காக்கைத் திறந்துவிடுங்கள். பெட்ரோல் ஒரே சீராக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வேகமாக வந்து, பிறகு நூல்போல மெலிந்து சொட்டத் தொடங்கினால் காக்கின் உள்ளே இருக்கும் வலை அடைத்திருக்கிறது. ரிசர்வில் வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

அப்படியானால் முதல் ஒரு நிமிடம் மட்டும் எப்படி ஓடுகிறது? கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் (பெட்ரோல் தேங்கி நிற்கும் இடம்) இருக்கிறது. நீங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் அடைப்பின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி அது நிரம்பிவிடும். வண்டி கிளம்பும், இருப்பு தீர்ந்ததும் நிற்கும். ‘கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது’ என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கினால் சீக்கிரம் நிற்கிறது, மெதுவாகப் போனால் கொஞ்சதூரம் கூடுதலாகப் போகிறது என்றால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலைக் கொட்டிவிடாதீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் செம்பழுப்பு நிறத்தில் மாவுபோலப் படிந்தால் அது டேங்கின் துரு. டேங்கைச் சுத்தம் செய்யாமல் காக்கையும் கார்புரேட்டரையும் மட்டும் கழுவினால், அடுத்த வாரமே அதே இடத்தில் நிற்பீர்கள்.

தண்ணீர் வந்திருக்குமா? வரலாம், இப்போது முன்பைவிட அதிகமாகவே. நம் பெட்ரோல் பங்க்குகளில் இன்று கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் (கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் சாராயச் சத்து) கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் வண்டியில் இது பெரிதாகத் தெரியாது. ஆசைக்கு வைத்திருந்து மாதம் ஒருமுறை எடுக்கும் வண்டியில்தான் சிக்கல். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் பெட்ரோலுக்கு அடியில் தனியாக உருண்டு உருண்டு ஓடும். கண்ணுக்கே தெரியும்.

எத்தனாலால் வேறு தொல்லை உண்டா? இரண்டு உண்டு. ஒன்று, அந்தக் காலத்து ரப்பர் டியூபையும் வாஷரையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். டியூப் பிசுபிசுத்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ எத்தனாலைத் தாங்கும் புது டியூப் போட்டுவிடுங்கள். இன்னொன்று, எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக அளவெடுத்துச் செய்த பழைய கார்புரேட்டர், இன்றைய பெட்ரோலில் எஞ்சினுக்குக் கொஞ்சம் ‘வறண்ட’ கலவையைத்தான் (பெட்ரோல் குறைந்து காற்று கூடியது) கொடுக்கும். ஏற்கெனவே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைப்போ காற்றுக் கசிவோ இருக்கும் வண்டியை இது விளிம்பைத் தாண்டித் தள்ளிவிடும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது. இது என்ன? டூ ஸ்ட்ரோக் வண்டியில் இதுதான் நான் மிக முக்கியமாகக் கருதும் அறிகுறி. சோக் போடுவது என்பது கலவையில் பெட்ரோலைக் கூட்டுவது. எஞ்சின் சூடானபிறகும் அது இல்லாமல் ஓடவில்லை என்றால், எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ போகிறது. காரணம் ஒன்று ஸ்லோ ஜெட், இல்லையென்றால் காற்றுக் கசிவு.

ஸ்லோ ஜெட் (ஆக்சிலேட்டரை முறுக்காதபோது பெட்ரோல் தரும் சின்னப் பித்தளைத் துளை) மயிரிழை அளவே துளை கொண்டது. பல வாரங்கள் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசின்போல அந்தத் துளையில் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடி, விட்டதும் அணையும் வண்டியில் முதல் சந்தேகம் இதன்மேல்தான். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாக ஒரு புள்ளி ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஊசியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட்டுக்கு அளவே கிடையாது. மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும்.

ஜெட்டை மட்டும் சுத்தம் செய்தால் போதுமா? போதாது. கார்புரேட்டரின் உடம்புக்குள்ளும் ஸ்லோ ஜெட்டுக்கான பாதைகள் ஓடுகின்றன. அவற்றிலும் கிளீனர் அடித்து, மறுபக்கம் பீய்ச்சி வருகிறதா என்று பாருங்கள். ‘கார்புரேட்டர் சர்வீஸ் பண்ணியாச்சு’ என்று சொல்லியும் சரியாகாத பல வண்டிகளில் இந்தப் பாதைகளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

திரும்ப மாட்டியபின் காற்று ஸ்க்ரூவை வைக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100-இன் மிக்குனி கார்புரேட்டரில் பக்கவாட்டில் இரண்டு ஸ்க்ரூக்கள் உண்டு. பெரியது ஐடில் (நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் வேகம்) கூட்டிக் குறைக்க, சின்னது காற்றுக்கு. சின்னதை மெதுவாக, அழுத்தாமல் முழுக்க உள்ளே திருகிவிட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். எஞ்சின் சூடானபின் கால் கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் மிகச் சீராக இருக்கும் இடத்தில் விடுங்கள். உள்ளே திருகினால் காற்று குறையும், கலவையில் பெட்ரோல் கூடும். எவ்வளவு திருப்பியும் எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஸ்லோ ஜெட் இன்னும் அடைத்தே இருக்கிறது, அல்லது காற்று வேறு எங்கிருந்தோ வருகிறது.

அந்த வேறு இடம் எது என்று சொல்வதற்கு முன் டூ ஸ்ட்ரோக்கின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை நேராகப் பிஸ்டனுக்கு மேலே போகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அது முதலில் பிஸ்டனுக்கு அடியில், கிராங்க் சுழலும் அறைக்குள் போகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அந்த அறையில் அமுங்கி, பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறுகிறது. ஆகவே கிராங்க் அறை காற்றுப் புகாமல் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். எங்காவது ஒரு வெடிப்பு இருந்தால், கார்புரேட்டர் அளந்து கொடுக்காத காற்று உள்ளே புகுந்துவிடும்.

எங்கெல்லாம் புகும்? எளிதானதிலிருந்து பார்ப்போம். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாய் முதல் இடம். மேலே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். கையால் வளைத்துப் பாருங்கள், மடிப்பின் அடியில் வெடிப்பு இருக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். எஞ்சினின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். இந்தச் சோதனைக்குப் பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ தெளிப்பவர்கள் உண்டு. சூடான எஞ்சின்மேல் அது தீப்பிடிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

அந்த ரப்பருக்குப் பின்னால்தான் ரீட் வால்வு (உள்ளே மட்டும் திறக்கும் மெல்லிய தகட்டுக் கதவு) இருக்கிறது. தகடு வளைந்தாலோ நுனி உடைந்தாலோ உள்ளே போன கலவை திரும்பக் கார்புரேட்டருக்கே துப்பும். ஏர் ஃபில்டர் பக்கம் பெட்ரோல் நனைந்திருப்பது இதன் அடையாளம். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தகடு உட்காரும் இடத்தில் பெரிய இடைவெளி தெரியக் கூடாது. நுனி உடைந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் வண்டியை ஓட்டாதீர்கள். அது எஞ்சினுக்குள் போயிருக்கலாம்.

மூன்றாவது இடம் கண்ணுக்குத் தெரியாதது: கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல். இடப்பக்கம் மேக்னட்டுக்கு (தீப்பொறிக்கான கரன்ட் தரும் பகுதி) பின்னால் ஒன்று, வலப்பக்கம் கிளட்ச் அறையில் ஒன்று. வலப்பக்கம் போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சும். சைலன்சரில் விடாமல் வெண்புகை, கியர் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே வருவது, பிளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு, இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். இடப்பக்கம் போனால் எண்ணெய்க்குப் பதில் வெறும் காற்று வரும், புகை காட்டாது. ஆக்சிலேட்டரை விட்டபிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கும். ஒருநாள் ஒரு மாதிரி, மறுநாள் ஒரு மாதிரி ஓடும். எந்த ட்யூனிங்கும் நிற்காது. மேக்னட் மூடியைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் ஈரம் தெரியலாம்.

இதை உறுதிசெய்ய நல்ல மெக்கானிக் ஒரு சோதனை செய்வார். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, கைப்பம்பில் சுமார் 6 பி.எஸ்.ஐ. அளவுக்கு மட்டும் காற்றேற்றி, முள் இறங்குகிறதா என்று சில நிமிடம் பார்ப்பார். இறங்கினால் சோப்பு நுரை தடவி இடத்தைக் கண்டுபிடிப்பார். எல்லாப் பட்டறையிலும் இதைச் செய்ய மாட்டார்கள். கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். இந்த வண்டிகளின் சீல்கள் முப்பது ஆண்டு பழையவையாக இருக்கலாம். எஞ்சினை எதற்காகத் திறந்தாலும் இரண்டு சீலையும் மாற்றிவிடுவது நல்லது.

ஐடிலைக் கொஞ்சம் ஏற்றிவைத்து ஓட்டினால் என்ன? கூடாது. இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். உள்ளே வரும் பெட்ரோல் எரிவதோடு நிற்பதில்லை, எஞ்சினைக் குளிர்விக்கவும் செய்கிறது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் பிஸ்டன் அளவுக்குமேல் சூடாகி விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சீஸ் என்பது அதுதான். அதன்பின் லேத்தில் கொடுத்து ரீபோர், புதுப் பிஸ்டன், ரிங் என்று செலவு எங்கோ போய்விடும். ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அப்படிப் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு உங்களைக் கீழே தள்ளும். சந்தேகமுள்ள வண்டியை ஓட்டியே ஆக வேண்டுமென்றால் இரண்டு விரல் எப்போதும் கிளட்சின்மேல் இருக்கட்டும். எஞ்சின் திணறுவதுபோலத் தோன்றினால் உடனே கிளட்சைப் பிடித்து ஓரம்கட்டுங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, சத்தத்துக்காகச் சைலன்சரை மாற்றிய வண்டிகளுக்கும் இதே ஆபத்துதான். காற்று கூடுகிறது, ஜெட் பழையதாகவே இருக்கிறது. உங்கள் வண்டி அப்படி மாறியபிறகுதான் நிற்கத் தொடங்கியது என்றால், முதலில் பழைய ஃபில்டரையும் சைலன்சரையும் மாட்டிப் பாருங்கள்.

டூ டி ஆயிலைக் கூடுதலாக ஊற்றினால் பாதுகாப்பா? ஆர்எக்ஸ் 100-இல் ஆயிலுக்குத் தனி டேங்கும் பம்பும் உண்டு. ஆக்சிலேட்டருக்கு ஏற்ப அதுவே அளந்து கொடுக்கும். பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் கலந்து ஓட்டுபவர்கள் கண் அளவில் ஊற்றக் கூடாது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்றால் 40 மி.லி. ஆயில் கூடினால் அதே துளையில் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவாகவே வரும். பிளக்கும் கரியாகும், சைலன்சரும் அடைக்கும்.

இனி இரண்டாவது பாதை: நின்ற உடனே பார்த்தால் பிளக் ஈரம். கழற்றிய பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு எஞ்சினைத் தொடும்படி, ஆனால் பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து உதைத்துப் பாருங்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும் என்பதால் தூரம் முக்கியம். பிளக்கை எஞ்சினில் தொடவைக்காமல் உதைத்தால் சிடிஐ (தீப்பொறியை நேரம் பார்த்து அனுப்பும் மின்பெட்டி) கெடலாம். நீலமாகப் ‘பட் பட்’ என்று அடித்தால் கரன்ட் நன்றாக வருகிறது. மெலிந்த ஆரஞ்சு நிறத்திலோ விட்டுவிட்டோ வந்தால் கோளாறு மின்பக்கம். அளவு சரிபார்த்த ஒரு புதுப் பிளக்கை (இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.) எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். இந்த நேரத்தில் அதை மாட்டிப் பார்ப்பதுதான் மிக மலிவான சோதனை.

பிளக் புதிது, கரன்ட் நன்றாக அடிக்கிறது, ஆனாலும் ஈரம் என்றால்? கார்புரேட்டர் வழிகிறது. கிண்ணத்துக்குள் பெட்ரோல் நிரம்பியதும் வழியை மூடும் ஊசி வால்வு தேய்ந்திருக்கும், அல்லது அதில் தூசி சிக்கியிருக்கும். வண்டி நிற்கும் இடத்தில் தரையில் பெட்ரோல் சொட்டியிருப்பதே அடையாளம். ஊசியின் நுனியில் வளையம்போலத் தேய்மானம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

சூடானால் மட்டும் சட்டென்று நிற்கிறது, அரை மணி நேரம் ஆறினால் கிளம்புகிறது என்றால்? பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டி இழுத்து இழுத்து நிற்கும். கரன்ட் போய் நிற்கும் வண்டி, சாவியை அணைத்ததுபோல ஒரே நொடியில் நிற்கும். மேக்னட்டுக்குள் இருக்கும் காயில்களில் சுற்றிய செம்புக்கம்பி சூட்டில் விரிந்து உள்ளே தொடர்பு விட்டுப்போவதும், ஆறியதும் மறுபடி சேர்வதும் பழைய வண்டியில் சகஜம். ஆறிய வண்டியைப் பட்டறையில் காட்டினால் எல்லாம் சரியாகவே இருக்கும். மெக்கானிக்கும் ‘ஒண்ணும் இல்லையே’ என்பார். ஆகவே நின்ற இடத்திலேயே, சூட்டோடு, பிளக்கில் கரன்ட் வருகிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். சிடிஐயைவிட மலிவான பிளக் கேப்பையும் இக்னிஷன் காயிலையும் முதலில் மாற்றிப் பாருங்கள்; முடிந்தால் ஓடுகிற இன்னொரு ஆர்எக்ஸ் 100-இலிருந்து வாங்கி மாட்டி.

பேட்டரி வீக்காக இருப்பதால் நிற்குமா? நிற்காது. இந்த வண்டியில் தீப்பொறிக்கான கரன்ட் மேக்னட்டிலிருந்தே வருகிறது. ஹாரன், இண்டிகேட்டர் போன்றவைதான் பேட்டரியை நம்பியிருக்கின்றன. ஆனால் சாவி சுவிட்சுக்குப் போகும் வயரைப் பாருங்கள். சாவியை அணைக்கும்போது அந்த வயர்தான் கரன்ட்டை எஞ்சின் உடம்புக்கு இறக்கி வண்டியை நிறுத்துகிறது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் அதன் தோல் உரிந்து ஃபிரேமைத் தொட்டால், வண்டியே தன்னை அணைத்துக்கொள்ளும். வளைவில் திரும்பும்போதும் மழையிலும் மட்டும் நிற்கும் வண்டியில் இதைத் தேடுங்கள். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் திருப்பினாலே தெரிந்துவிடும்.

பெட்ரோலும் சரி, கரன்ட்டும் சரி, ஆனாலும் வண்டி மூச்சுமுட்டி நிற்கிறதா? சைலன்சருக்குப் போங்கள். எரியாத ஆயில் ஆண்டுக்கணக்கில் கரியாகப் படிந்து புகை வெளியேற வழியில்லாமல் செய்துவிடும். ஐடிலில் ஓடும், முறுக்கினால் ஏறாது. சைலன்சரின் பின்முனையில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் உள்குழாய் வெளியே வரும். அதன் துளைகள் கரியால் அடைத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பட்டறைகளில் காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றி ஊறவைப்பார்கள். நன்றாக வேலை செய்யும், ஆனால் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும், அலுமினியத்தையும் அரித்துவிடும். அதை அவர்களிடமே விடுங்கள்.

இதெல்லாம் கடந்தும் நிற்கிற வண்டியில் மிச்சம் இருப்பது கம்ப்ரஷன். கிக்கரைக் கையால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் மீட்டர் வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்தபடி உதைத்து அளக்கச் சொல்லுங்கள். 100 பி.எஸ்.ஐ.க்குக் கீழே வெகுவாக இறங்கியிருந்தால் ஜெட்டையும் ஸ்க்ரூவையும் திருப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். சிலிண்டரைத் திறக்கத்தான் வேண்டும்.

சரிசெய்த வண்டியை மறுபடி சில வாரங்கள் நிறுத்திவைப்பதாக இருந்தால், வீட்டுக்கு வரும் கடைசி நிமிடத்தில் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, வாசலில் ஐடிலில் ஓடவிட்டுத் தானாக அணைய விடுங்கள். ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம். பிறகு கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சச் சொட்டையும் வடித்துவிட்டால், பிசின் கட்ட ஸ்லோ ஜெட்டில் எதுவும் இருக்காது.